ஏழாம் லைன் ஒன்று போதும்

கேள்வி: நான் அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். மகளும் மருமகனும் பாரீஸை ஒட்டிய லா கூர்நெவ் என்ற ஊரில் இருக்கிறார்கள். மருமகன் புதுச்சேரிப் பிள்ளை, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். வருகிற ஏப்ரல் கடைசியில் நானும் மனைவியும் போய் நான்கு வாரம் தங்கப் போகிறோம். அவர்கள் இரண்டு பேரும் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் திரும்ப இரவு ஏழாகிறது. "தனியா எங்கயும் போயிடாதீங்கப்பா, சனி ஞாயிறு நாங்க கூட்டிட்டுப் போறோம்" என்கிறாள் மகள். நாள் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடக்க எனக்கு மனசில்லை. பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது, ஆங்கிலம் ஓரளவு வரும். மனைவிக்கு முட்டி வலி. நாங்கள் இரண்டு பேர் மட்டும் வெளியே போய்வர முடியுமா? எப்படிப் போவது, எதைப் பார்ப்பது?

பதில்:

ஐயா, முடியும். தாராளமாக முடியும். உங்கள் மகள் பயப்படுவதும் நியாயம்தான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்தை மூன்றே நாளில் போக்கிவிடலாம். எப்படி என்று சொல்கிறேன்.

நான் புதுச்சேரியில் இருபத்திரண்டு வருடமாகச் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறேன். அண்ணன் குடும்பம் பாரீஸில் இருப்பதால் எனக்கு அந்த ஊர் பழக்கம். அங்கிருந்து எழுபது வயதுத் தாத்தா பாட்டிகள் இங்கே வந்து, கையில் ஒரு வரைபடத்தோடு துமா வீதியிலும் கூபேர் அவென்யூவிலும் தன்னந்தனியாக நடப்பதைத் தினமும் பார்க்கிறேன். இங்கிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் போய்வரும் நம் ஆட்களிடம் "என்னம்மா பார்த்தீங்க?" என்று கேட்டால், "ஈபிள் டவர் ஒரு நாள் காட்டினாங்க, மத்தபடி வீட்லதான்" என்கிறார்கள். அந்தப் பதில் ஒவ்வொரு தடவையும் என் மனசை உறுத்துகிறது. ஒரு மாதம் பாரீஸில் இருந்துவிட்டு ஜன்னலை மட்டும் பார்த்துத் திரும்பக் கூடாது.

முழு ஊரையும் கற்றுக்கொள்ள நினைத்தால் தலை சுற்றும். பாரீஸ் மெட்ரோவில் பதினாறு லைன், முந்நூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள். 1900-இல் ஓட ஆரம்பித்தது, பூமிக்கடியில் எறும்புப் புற்று மாதிரி. அதையெல்லாம் விட்டுவிடுங்கள். உங்களுக்குத் தேவை ஒரே ஒரு லைன். லா கூர்நெவ் என்று எழுதியிருந்தீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. அது ஏழாம் லைனின் கடைசி நிலையம். நிலையத்தின் முழுப் பெயர் 'லா கூர்நெவ் – 8 மே 1945'. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்த தேதியையே நிலையத்துக்கு வைத்திருக்கிறார்கள். கடைசி நிலையம் என்பதில் இரண்டு சௌகரியம். காலையில் ஏறும்போது உட்கார இடம் கிடைக்கும். மாலையில் திரும்பும்போது எந்த நிலையத்தில் ஏறினாலும் 'லா கூர்நெவ்' என்ற பெயரைப் பார்த்து ஏறினால் போதும், தூங்கிவிட்டால்கூட வண்டி உங்களை வீட்டுப் பக்கம்தான் கொண்டுவந்து இறக்கும்.

அந்த ஊர் மெட்ரோவில் கிழக்கு மேற்கு என்றெல்லாம் பலகை இருக்காது, லைனின் கடைசி ஊர்ப் பெயர்தான் திசை. நமக்கு இது புதிது இல்லை. கடலூர் பஸ் ஸ்டாண்டில் நெல்லிக்குப்பத்தில் இறங்க வேண்டியவரும் பண்ருட்டி வண்டியைத்தானே தேடுவார்? அதே கணக்கு. நகரத்துக்குள் போகும்போது ஏழாம் லைனில் இரண்டு கடைசி ஊர்ப் பெயர்கள் மாறி மாறி வரும், வில்ஜுயிஃப் ஒன்று, மேரி தீவ்ரி ஒன்று. வண்டி தெற்கே போய்த்தான் இரண்டாகப் பிரிகிறது. நீங்கள் போக வேண்டிய இடங்கள் எல்லாம் பிரிவதற்கு முன்னாலேயே வந்துவிடுவதால் எது வந்தாலும் ஏறுங்கள்.

மூன்று நாள் பயிற்சியை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மாலை மகளோடு வீட்டிலிருந்து நிலையம் வரை நடந்து போய், உள்ளே இறங்காமல் திரும்பி வாருங்கள். திருப்பங்களை எண்ணுங்கள், மூலையில் இருக்கும் ரொட்டிக் கடை, மருந்துக் கடையின் பச்சைச் சிலுவை, இதுபோல அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் நீங்கள் இருவர் மட்டும் ஏறி மூன்றாவது நிறுத்தமான போர்த் த லா வில்லெத்தில் இறங்குங்கள். வெளியே வந்தால் பெரிய அறிவியல் காட்சியகம், அதன் பின்னால் கண்ணாடிப் பந்து மாதிரி மின்னும் ஒரு கட்டடம், அதைத் தாண்டிக் கால்வாய், புல்வெளி. ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வாருங்கள். வண்டி ஏறும்போதும் இறங்கியதும் மகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள். மூன்றாம் நாள் அதே வண்டியில் அரை மணி நேரம் போல உட்கார்ந்திருந்து பலே ருவாயால் – லூவ்ர் நிலையத்தில் இறங்குங்கள். லூவ்ர் அரண்மனை முற்றத்தில் கண்ணாடிப் பிரமிடைப் பார்த்துவிட்டு, சேன் ஆற்றங்கரைக்கு நடந்து, பழைய புத்தகம் விற்கும் பச்சைப் பெட்டிக் கடைகளைப் பார்த்தபடி பக்கத்து நிலையமான போன் நெஃப் வரை வந்து திரும்ப வண்டி பிடியுங்கள். இத்தனைக்கும் நுழைவுக் கட்டணம் எதுவும் கிடையாது. அன்று இரவு உங்கள் மகளின் பேச்சு மாறியிருக்கும்.

நிலையத்துக்குள் இரண்டு சொல் தெரிந்தால் போதும். 'சொர்த்தி' என்றால் வெளியேறும் வழி, நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் இருக்கும். 'கொரெஸ்போந்தான்ஸ்' என்றால் வேறு லைனுக்கு மாறும் வழி. மகளிடம் இரண்டையும் பிரெஞ்சில் பெரிதாக எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வையுங்கள். அதே தாளின் பின்பக்கம் வீட்டு விலாசமும் மகளின் போன் நம்பரும் இருக்கட்டும், போனில் சார்ஜ் போனால் அந்தத் தாள்தான் உதவும். சில வண்டிகளில் கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அழுத்த வேண்டும் அல்லது கொக்கியைத் தூக்க வேண்டும். கதவருகே மடக்கு இருக்கைகள் இருக்கும். கூட்டம் ஏறினால் அதில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பது அந்த ஊர் மரியாதை.

டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஜனவரியில் கட்டண முறையை எளிமையாக்கினார்கள். அந்த வருடம் மெட்ரோ, ரயில் எதுவானாலும் ஒரு பயணம் 2.50 யூரோ, பஸ், டிராம் என்றால் 2 யூரோ, விமான நிலையத்துக்கு 13 யூரோ என்று வைத்தார்கள். வருடா வருடம் கொஞ்சம் ஏறும். இரண்டு பேருக்கும் தனித்தனி அட்டை வேண்டும், ஒரே அட்டையை இரண்டு தடவை தட்டி இருவரும் போக முடியாது. நீங்கள் தங்குவது பெரும்பாலும் மே மாதம் என்பதால் மாதப் பாஸ்தான் லாபம். அது ஒன்றாம் தேதி தொடங்கி மாதக் கடைசியில் முடியும். 2025-இல் 88.80 யூரோவாக இருந்தது. வாரப் பாஸ் அப்போது 31.60, ஆனால் திங்கள் முதல் ஞாயிறு வரைதான் கணக்கு, நடுவில் புதன்கிழமை வாங்கினாலும் ஞாயிற்றுக்கிழமை தீர்ந்துவிடும். ஆகவே ஏப்ரல் மிச்ச நாட்களுக்குச் சில்லறையாக டிக்கெட் போட்டுக்கொண்டு, மே ஒன்றாம் தேதியிலிருந்து மாதப் பாஸுக்கு மாறுங்கள். மெட்ரோ, பஸ், விமான நிலையம் திரும்பும் பயணம் எல்லாம் அதில் அடக்கம். அதற்கு 'நவிகோ தெக்கூவெர்த்' என்ற 5 யூரோ அட்டை வாங்க வேண்டும், அதில் சின்னப் புகைப்படம் ஒட்ட வேண்டும். இங்கேயே ஆளுக்கு நாலு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துப் போங்கள், அங்கே போட்டோ எடுக்கும் செலவு வயிற்றெரிச்சல். பாஸ் இல்லாத நாளில், வெளியே வந்து தெருவில் கால் வைக்கும் வரை டிக்கெட் கையில் இருக்கட்டும், உள்ளேயே பரிசோதகர்கள் நிற்பார்கள்.

இப்போது அம்மாவின் முட்டி. இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பாரீஸ் மெட்ரோ பழசு, படிக்கட்டுகள் அதிகம். முழுக்க லிஃப்ட் வசதி உள்ளது பதினான்காம் லைன் ஒன்றுதான். அதனால் கூடியவரை வண்டி மாறாமல் போகும் இடங்களாகத் தேர்ந்தெடுங்கள், மாற வேண்டி வந்தால் சாத்லே நிலையத்தில் மட்டும் மாறாதீர்கள். நான் முதல் முறை போனபோது அங்கே ஒரு லைனிலிருந்து இன்னொன்றுக்கு மாற இறங்கி, நடைபாதை நடைபாதையாக இருபது நிமிஷம் சுற்றினேன். நல்ல காலுக்கே அப்படி. ஒன்றாம் லைனுக்கு மாற வேண்டுமானால் பலே ருவாயாலிலேயே மாறிக்கொள்ளலாம்.

முட்டி வலிக்காரர்களுக்குப் பஸ்தான் வரம். பாரீஸ் பஸ்கள் தாழ்தளம், படி ஏறவே தேவையில்லை. நிறுத்தத்தில் நின்று கையை நீட்டுங்கள், முன் கதவில் ஏறி ஓட்டுநருக்கு 'போன்ழூர்' சொல்லி அட்டையைத் தட்டுங்கள், இறங்கும் நிறுத்தத்துக்கு முன் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். பகலில் போனால் உட்கார இடம் கிடைக்கும், ஊரும் ஜன்னலோடு வரும். 69-ஆம் நம்பரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஈபிள் கோபுரத்துப் பூங்காவில் புறப்பட்டு, ஓர்சே அருங்காட்சியகம், லூவ்ர், நகராட்சி மாளிகை, பஸ்தீய் வழியாகக் கிழக்கே பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டம் வரை போகிறது. தனியார் சுற்றுலாப் பஸ்ஸுக்குக் கொடுக்கிற பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

'போன்ழூர்' என்று சொன்னேனே, அதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கடைக்குள் நுழையும்போது, வழி கேட்கும்போது, டிக்கெட் கவுன்ட்டரில் என்று எங்கேயும் முதலில் அந்த ஒரு சொல். நேராக 'எக்ஸ்கியூஸ் மீ' என்று ஆரம்பித்தால் முகம் கொடுக்க மாட்டார்கள். வணக்கம் சொல்லாமல் வீட்டுக்குள் நுழைந்தவரை நாம் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். போன்ழூர் சொல்லிவிட்டு உங்கள் ஆங்கிலத்தில் பேசுங்கள், உதவி செய்வார்கள். பாரீஸ்காரர்கள் திமிர் பிடித்தவர்கள் என்று சொல்பவர்களில் பாதிப் பேர் அந்தச் சொல்லைச் சொல்லாதவர்கள் என்பது என் அனுபவம்.

சரி, எதைப் பார்ப்பது? எல்லாருக்கும் சொல்லும் பட்டியலை உங்களுக்குச் சொல்ல விருப்பமில்லை. நீங்கள் கடலூர்க்காரர். உங்களுக்கென்றே அந்த ஊரில் ஒரு நடை இருக்கிறது.

அம்மாவுக்கு முட்டி நன்றாக இருக்கும் ஒரு நாளாகப் பார்த்து ஏழாம் லைனில் ப்ளாஸ் திதாலி நிலையம் வரை போங்கள். அங்கே ஆறாம் லைனுக்கு, ஷார்ல் த கோல் – எத்துவால் திசையில் மாறுங்கள். இந்த லைன் பாதி தூரம் தரைக்கு மேலே தூண்கள் மீது ஓடும், மூன்றாம் மாடி வீட்டுப் பால்கனிகள் கைக்கெட்டும் தூரத்தில் வரும். கொஞ்ச நேரத்தில் ஒரு நிலையப் பலகையைப் பாருங்கள்: துய்ப்ளே. ஆமாம், நம்ம துய்ப்ளேதான். 1742 முதல் 1754 வரை புதுச்சேரியில் கவர்னராக இருந்தவர், நம் கடற்கரைச் சாலையின் தென்கோடியில் சிலையாக நிற்பவர். உங்கள் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடிக்கத் திரும்பத் திரும்பப் படை அனுப்பியும் முடியாமல் போனவர். (கோட்டை விழுந்தது பிறகு, 1758-இல், லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி கையில்.) அந்த நிலையத்தில் இறங்குங்கள்.

இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் ஈபிள் கோபுரத்துப் பூங்காவின் ஒரு ஓரமாகப் போகும் அகலமான சாலை வரும். மூலை வீட்டுச் சுவரில் நீல எனாமல் தகடு, பச்சை விளிம்பு, வெள்ளை எழுத்து. நம் புதுச்சேரித் தெருப் பலகையைப் பார்த்த ஞாபகம் வரும், தமிழ் மட்டும் இருக்காது. அதில் இருக்கும் பெயர் அவென்யூ த சுஃப்ரேன். 1783 ஜூன் 20-ஆம் தேதி கடலூர்க் கடலில் ஆங்கிலேயக் கப்பல் படையோடு மோதிய பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் இவர்தான். அப்போது கடலூர்க் கோட்டைக்குள் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதியின் படை ஆங்கிலேயர் முற்றுகையில் மாட்டியிருந்தது. ஐரோப்பாவில் சமாதானம் ஆன செய்தி கப்பலில் இங்கு வந்து சேரும் முன்பே நடந்த சண்டை அது. நீங்கள் சில்வர் பீச்சில் நின்று பார்க்கிறீர்களே, அந்தக் கடலில் சண்டை போட்டவர் பெயர்தான் இங்கே ஒரு பெரிய சாலைக்கு. பூங்காவைக் குறுக்கே கடந்து மறுபக்கம் போனால் அந்தச் சாலை அவென்யூ த லா பூர்தொனே. லா பூர்தொனே 1746-இல் சென்னைக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக் கப்பல் தளபதி. இரண்டு பெயரிலும் புதுச்சேரியில் தெரு உண்டு. இந்த இரண்டு கப்பல்காரர்களுக்கும் நடுவில்தான் ஈபிள் கோபுரம் நிற்கிறது.

இதை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு மழை நாளில். தகட்டில் தண்ணீர் வழிய, அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். தினமும் சுஃப்ரேன் வீதி வழியாக வேலைக்கு நடந்தவள் நான். எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி அந்தப் பெயர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோபுரத்தைவிட அந்தத் தகடுதான் எனக்கு நெருக்கமாக இருந்தது.

கோபுரத்தின் மேலே ஏறுவது உங்கள் விருப்பம். 1889-இல் கட்டியது, 330 மீட்டர் உயரம். முன்பதிவு இல்லாமல் போனால் வரிசையில் கால் கடுத்துவிடும். என்னைக் கேட்டால் கீழே புல்வெளியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பதே போதும். மேலிருந்து ஊரைப் பார்க்க ஆசை என்றால் ஏழாம் லைனிலேயே ஷோசே தாந்தேன் – லா ஃபாயெத் நிலையத்தில் இறங்கி கலெரி லஃபாயெத் என்ற பெரிய கடைக்குள் போங்கள். மொட்டை மாடிக்கு இலவசமாக விடுகிறார்கள், மாடி மாடியாக நகரும் படிக்கட்டு, உள்ளே நூறு வருஷத்துக் கண்ணாடிக் கும்மட்டம், கழிப்பறையும் உண்டு. கோபுரத்திலிருந்து திரும்பும்போது பூங்காவில் நிற்கும் 69-ஐப் பிடித்து லூவ்ர் வந்து ஏழாம் லைன் ஏறுங்கள். படி பாதியாகக் குறையும்.

இன்னொரு இடம் கண்டிப்பாக. அதே ஷோசே தாந்தேன் நிலையத்தில் ஒன்பதாம் லைனுக்கு, போன் த செவ்ர் திசையில் மாறி, இயெனா நிலையத்தில் இறங்கினால் கிமே அருங்காட்சியகம். ஆசியக் கலைக்கென்றே உள்ளது. அங்கே சோழர் காலத்து வெண்கல நடராசர் இருக்கிறார். தில்லை உங்கள் மாவட்டத்தில்தானே இருக்கிறது? கனகசபையில் தள்ளுமுள்ளில் ஒரு நொடி பார்த்து நகர்ந்தவர்கள், இங்கே சுற்றி வந்து பின்பக்கச் சடைமுடி வரை நிதானமாகப் பார்க்கலாம். பூ இல்லை, தீபம் இல்லை, அது மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். அம்மா கை கூப்பி நின்றால் நிற்கட்டும். அங்கே யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

லூவ்ருக்குள் போக நினைத்தால் நேரம் குறித்து முன்பதிவு செய்யுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் திட்டம் போடாதீர்கள். அம்மாவுக்கு அங்கேயே சக்கர நாற்காலி இலவசமாகக் கேட்டு வாங்கலாம், கூச்சம் வேண்டாம். லூவ்ரும் கிமேவும் செவ்வாய்க்கிழமை விடுமுறை, ஓர்சே திங்கள்கிழமை. ஓர்சே மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், அதற்கும் பதிவு வேண்டும். நகரத்தின் பழங்கதையைச் சொல்லும் கார்னவாலே, ஓவியங்கள் உள்ள பெத்தி பலே, இரண்டிலும் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணமே இல்லை. நோத்ரு தாம் தேவாலயம் தீ விபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் திறந்துவிட்டது, அதற்கும் கட்டணம் இல்லை.

சாம்பார் வாசனைக்கு ஏங்கும் நாள் கட்டாயம் வரும், இரண்டாம் வாரத்தில். அன்று ஏழாம் லைனில் ஸ்தாலின்கிராத் வரை போய், இரண்டாம் லைனில் போர்த் தோஃபின் திசையில் மாறினால் அடுத்த நிலையமே லா ஷப்பெல். அங்குள்ள ஈழத்துத் தமிழர்கள் 'லாச்சப்பல்' என்பார்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் தமிழ்ப் பலகைகள், முருங்கைக்காய், கறிவேப்பிலை, புடவைக் கடை, நகைக் கடை, கொத்து ரொட்டிச் சத்தம். "வாங்கோ அம்மா, இருங்கோ" என்று கூப்பிடுவார்கள். பக்கத்தில் பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் கோயில். ஆகஸ்ட் கடைசி வாக்கில் நடக்கும் தேர்த் திருவிழா பெரிய கோலாகலம், உங்களுக்கு இந்த முறை வாய்க்காது. கோயில் கும்பிட்டு, தோசை சாப்பிட்டு, மகளுக்குக் கறிவேப்பிலையும் வாங்கிப் போங்கள்.

மற்ற நாட்களில் வெளியே சாப்பிடுவது பற்றி ஒரு எச்சரிக்கை. நீங்கள் சைவமா அசைவமா என்று எழுதவில்லை. சைவம் என்றால் 'சான் வியாந்த்' (இறைச்சி வேண்டாம்) என்று மட்டும் சொன்னால் போதாது, மீனை வைத்துவிடுவார்கள், 'சான் புவாசோன்' என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பச்சைக் காய் சாலட்டில்கூடப் பன்றி இறைச்சித் துண்டு தூவுவது அங்கே வழக்கம். மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான், மூன்று மணிக்குப் போனால் சமையலறை மூடியிருக்கும். வீட்டிலிருந்து எலுமிச்சை சாதம் கட்டிப் போய் லுக்ஸம்பூர் தோட்டத்துப் பச்சை இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நாற்காலிக்குக் காசில்லை, யாரும் எழுப்ப மாட்டார்கள். தண்ணீர் பாட்டிலுக்குச் செலவழிக்க வேண்டாம். தெருவில் நான்கு பெண் சிலைகள் தாங்கும் பச்சைக் குழாய் மண்டபங்கள் இருக்கும், வாலஸ் என்ற செல்வந்தர் 1872-இல் வைக்கத் தொடங்கியவை. நல்ல குடிநீர்.

கழிப்பறை பற்றி யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் வயதானவர்கள் வெளியே போகாமல் இருப்பதற்குப் பெரிய காரணமே அதுதான். தெருவோரம் சாம்பல் நிறக் கூண்டு மாதிரி இலவசக் கழிப்பறைகள் நிறைய உண்டு. ஒருவர் வெளியே வந்ததும் அப்படியே உள்ளே நுழைந்துவிடாதீர்கள். கதவு மூடி, உள்ளே தானாகக் கழுவி முடிந்து, பச்சை விளக்கு எரிந்த பிறகு பொத்தானை அழுத்தி நுழையுங்கள். கழுவத் தண்ணீர் இருக்காது, பையில் ஒரு சின்ன பாட்டில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காபிக் கடையில் ஒரு காபி வாங்கினாலும் கழிப்பறை கேட்கலாம். நின்று குடித்தால் காபி விலை குறைவு, உட்கார்ந்தால் அதிகம்.

அம்மாவிடம் ஒன்று நேராகச் சொல்ல வேண்டும். அம்மா, தாலிக்கொடியை லாக்கரில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு போய் வாருங்கள். மனசு ஒப்பாது, தெரியும். ஆனால் நம்மவர்கள் கழுத்தில் தங்கம் போட்டிருப்பார்கள் என்று தெரிந்தே மெட்ரோ படிக்கட்டில் பின்தொடர்பவர்கள் உண்டு. என் அண்ணியின் உறவுக்காரம்மா ஒருவர் சங்கிலி போனதைவிட இழுத்த வேகத்தில் விழுந்த அடிக்குத்தான் அதிகம் கஷ்டப்பட்டார். வளையலும் வேண்டாம். ஐயா, பர்ஸ் பின் பாக்கெட்டில் வேண்டாம், போனைக் கதவருகே கையில் வைத்திருக்க வேண்டாம், கதவு மூடும் நொடியில் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு நகலை எடுத்துப் போங்கள். கோபுரத்தடியிலும் சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டிலும் கையில் நூல் கட்ட வருபவர்கள், அட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்பவர்கள், தரையில் மோதிரம் கண்டெடுத்தேன் என்பவர்கள் வந்தால் நிற்காமல் நடங்கள். விமான நிலையத்துக்குள் "டாக்ஸி, டாக்ஸி" என்று கூப்பிடுபவரோடு போகாதீர்கள், வெளியே வரிசையில் நிற்கும் வண்டிதான் சரி. அவசரத்துக்கு 112.

தேதியையும் கவனியுங்கள். மே 1 தொழிலாளர் தினம், அன்று அருங்காட்சியகங்களும் கடைகளும் மூடியிருக்கும், பஸ் குறைவு. தெரு முனையில் சின்ன வெள்ளை மணி போன்ற பூக்களை விற்பார்கள், மியூகே என்று பெயர். அன்பானவர்களுக்கு வாங்கிக் கொடுப்பது வழக்கம். மகளுக்கு ஒரு கொத்து வாங்குங்கள், அசந்துபோவார். மே 8-ஆம் தேதியும் விடுமுறை, உங்கள் நிலையத்தின் பெயர் தேதி. மே மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஆனால் பகலிலேயே சிலுசிலு என்று மழை வரும். செருப்பு வேண்டாம், வழுக்காத ஷூ இருவருக்கும் இங்கேயே வாங்கி, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து தினமும் சில்வர் பீச் வரை போட்டு நடந்து பழகுங்கள். புது ஷூவோடு போய் முதல் நாளே கொப்புளம் போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாரத்தில் நான்கு நாள் வெளியே, மூன்று நாள் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு இடம், காலை பத்து மணிக்குக் கிளம்பி, கூட்ட நேரத்துக்கு முன்னால் நான்கு மணிக்கெல்லாம் வண்டி ஏறிவிடுங்கள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை மகளையும் மருமகனையும் நீங்கள் கூட்டிப் போங்கள். அவர்கள் அந்தக் கோபுரத்தடிக்குப் பலமுறை போயிருப்பார்கள், மூலை வீட்டுத் தகட்டை அண்ணாந்து பார்த்திருப்பார்களா தெரியாது. அங்கே நின்று 1783-இல் நம் கடலில் நடந்ததை நீங்கள் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள், அம்மாவின் முட்டி எப்படி இருந்தது என்பதையும் சேர்த்து.